சமுதாயக் கூடம்: கேட்டவையும் பதில்களும்

திருத்துறைப்பூண்டி வாசகர்: கூடத்துல மாசம் ஒரு தடவை பிரஷர், சுகர் பார்க்கிறோம்ண்ணே. பத்து மணிக்கு வயசானவங்க மட்டும்தான் வர்றாங்க.

நடவு, களை, அறுப்புக் காலத்தில் பத்து மணிக்கு ஊரே வயலில் இருக்கும். காலை 6 மணிக்கு வையுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்துவிடலாம். முடியாவிட்டால் சாயங்காலம் 6 மணி. ஆனால் வேலையிலிருந்து வந்தவரை நின்றபடியே பார்க்காதீர்கள். டீயோ புகையிலையோ போட்டு அரை மணி ஆகியிருக்க வேண்டும். 5 நிமிடம் முதுகைச் சாய்த்து உட்காரட்டும். கால் தரையில், கை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல், பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பாருங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். முகாம்களில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். 140/90 வந்தால் அன்றே நோயாளி என்று சொல்லிவிடாமல், வேறொரு நாளும் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108.

சர்க்கரைக்கு விரலைக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழச்சாறு ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டும். ஊசி ஆளுக்கு ஒன்று. வெறும் வயிற்றில் 126 தொட்டால் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரையும் அன்று உட்கார வைத்தால், மாத்திரையை நடுவில் நிறுத்தியவர் யாரென்று தெரிந்துவிடும்.

கும்பகோணம் வாசகர்: கல்யாணத்துக்கே வாடகைக்குப் போயிடுது. பிள்ளைங்க படிக்க நாளே கிடைக்கல.

முகூர்த்த நாள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. ஆடியும் மார்கழியும் எப்படியும் காலி. மற்ற மாதங்களில் முகூர்த்தமில்லாத நாளெல்லாம் படிப்புக்கு என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த தலைவர் வரும்வரைதான் நிற்கும். குரூப் 4 படிப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள்.

ஒரத்தநாடு வாசகர்: கபடி ஆடுற பசங்களுக்கு முட்டியெல்லாம் சிராய்ப்பு. தரையில என்ன செய்யணும்?

களிமண் காய்ந்தால் கல்தான். கொத்திக் கட்டியை உடைத்து, கல், ஓடு, கண்ணாடி போகச் சலித்து, மணலும் மரத்தூளும் கலந்து பரப்புங்கள். வெறும் மணல் வேண்டாம். கால் புதைந்து கணுக்கால் பிசகும். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிட வேண்டும். ஆடும் நேரத்தில் தெளித்தால் வழுக்கும். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. இரண்டு கோட்டையும் ஒரே தரையில் போட்டுவிட்டால், பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை என்ற சாக்கு போய்விடும்.

வேதாரண்யம் வாசகர்: புயலப்போ குடும்பங்கள் கூடத்துல தங்குறாங்க. தொட்டித் தண்ணிக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

புதுச் சரக்கு என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மருந்து சேற்றோடு போய்விடும். முதலில் தெளிய வையுங்கள். பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் நெடி இருக்காது, வீரியமும் இருக்காது.

அவரே: ஒரு தடவை போட்டா எத்தனை நாளைக்கு?

நாள் கணக்கில்லை. தொட்டி நிரம்பும் ஒவ்வொரு தடவையும்.