குழந்தைகளோடு சேர்ந்து வீட்டிலேயே எளிமையாகக் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்கள் செய்வது எப்படி?

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். குழந்தைக்கு ஐந்தாறு வயது இருக்கும். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வந்திருக்கும். இரவு பத்து மணிக்கு யூடியூபைத் திறந்தால் பைன் காய், ஃபெல்ட் துணி, சூடான பசைத் துப்பாக்கி என்று யாரோ வெள்ளைக்காரம்மா அடுக்கிக்கொண்டே போயிருப்பார். பைன் காய்க்கு நாம் கொடைக்கானல் பஸ் ஏற வேண்டும் என்று தோன்றியதும் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். ஊகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள். இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

2022 டிசம்பர். பெரியவள் இரண்டாம் வகுப்பு. 'வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்' என்று கிறிஸ்துமஸ் கைவினைப் போட்டி. பள்ளியின் பெயர் வேண்டாம், இன்னும் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன். கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல் தந்தார்கள். அதில் முதல் பொருள் தெர்மாகோல். அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதியிலிருந்துதான் அலங்காரத்துக்கான தெர்மாகோலை மத்திய அரசு தடை செய்திருந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், வீட்டில் "பேசாம இருங்க" என்றார்கள். இருந்துவிட்டேன். வேஸ்ட்டில் செய்வதற்காகப் பாரிமுனை போய், ஆண்டர்சன் தெருவில் புத்தம்புது காகிதம், ஐஸ் குச்சிக் கட்டு, தங்க நிற டேப் எல்லாம் முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

அவள் ஐஸ் குச்சியில் ஒரு ஸ்டார் ஒட்டினாள். கோணலாக இருந்தது, பசை வழிந்திருந்தது. எட்டரை மணிக்குத் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. இணையத்தில் மொராவியன் நட்சத்திரம் என்று ஒன்று கண்ணில் பட்டது. மொத்தம் 25 கூம்புகள். 17 கூம்புக்கு அடிப்பக்கம் சதுரம், 8 கூம்புக்கு முக்கோணம். எல்லாவற்றையும் மடித்து ஒட்டி முடிக்கும்போது மணி இரண்டு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. காலையில் அவளுடையதை எடுத்துவிட்டு அதைப் பையில் வைத்து அனுப்பினேன்.

முதல் பரிசு. சாயங்காலம் வந்தவள் சர்ட்டிஃபிகேட்டை என் கையில் கொடுத்தாள். "உனக்குத்தான்பா" என்றாள். கோபமெல்லாம் இல்லை. தபால்காரர் கதவு எண் பார்த்துக் கொடுப்பது மாதிரி கொடுத்தாள். அவள் பெயரை அடித்துவிட்டுப் பென்சிலால் என் பெயரை எழுதியிருந்தாள், இனிஷியலோடு. அது இன்னும் எங்கள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதும் அவள்தான்.

அந்த 25 கூம்பு நட்சத்திரம் எங்கே பிறந்தது என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில், மொராவியன் என்ற கிறிஸ்தவ சபையின் பள்ளி ஒன்றில், கணக்கு வாத்தியார் வடிவியல் புரிவதற்காகப் பையன்களைச் செய்ய வைத்த பாடம் அது. அங்கே பிள்ளைகள் செய்தார்கள். இங்கே அப்பன் செய்தான்.

'போட்டியில் மற்ற பெற்றோரும் அப்படித்தானே செய்கிறார்கள்' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். தெரியும். இரண்டாம் பரிசு வாங்கிய கிறிஸ்துமஸ் குடிலில் கதவுக்குக் கீல் வைத்திருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை கீல் வைக்குமா? நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4 திங்கட்கிழமை. நாங்கள் பெரம்பூர் பக்கம், இரண்டாவது மாடி. தெருவில் இடுப்பளவு தண்ணீர், இரண்டரை நாள் கரண்ட் இல்லை, பள்ளி ஒரு வாரம் இல்லை, அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போனது. திருவல்லிக்கேணியிலிருந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த மாமியாரும் மாட்டிக்கொண்டார். ஊர் மிதக்கும்போது ஸ்டார் செய்தாயா என்று கேட்காதீர்கள். கீழ் வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சமையல். நான்கு வயதும் எட்டு வயதும் இருட்டு வீட்டில், செல்போனில் சார்ஜ் இல்லாமல், மூன்றாவது நாள் என்ன செய்யும் என்பது பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

"ஸ்டார் செய்யலாம்பா. ஆனா நீ தொடக் கூடாது" என்றாள் பெரியவள்.

கடை இல்லை. வீட்டில் இருந்தது தென்னந்துடைப்பம், பழைய செய்தித்தாள், நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட், மைதா. பசை என் பொறுப்பு, அடுப்பு என்பதால் அனுமதித்தாள். இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டினால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், நீங்கள் போடாதீர்கள். துத்தம் இல்லாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும், வேறு காய்ச்சிக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பொருளை வீணாக்குகிறாய் என்று சொல்ல வருபவர்களுக்கு: இரண்டு ஸ்பூன்.

ஸ்டார் கட்டும் முறை என் அப்பா மூங்கில் பிளாச்சில் கட்டியதுதான். ஒரே நீளத்தில் பத்துக் குச்சி. ஈர்க்குச்சி மெலிசு என்பதால் மூன்று மூன்றாகச் சேர்த்து நூல் சுற்றி ஒரு குச்சியாக்கிக்கொள்ளுங்கள், ஓர் அடி நீளம் போதும். ஐந்து ஐந்தாக இரண்டு ஐந்துமுனை நட்சத்திரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் கட்ட வேண்டும். அப்புறம் உள்ளே குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சியைக் குறுக்கே நிறுத்தினால் வயிறு உப்பிக்கொள்ளும். அதன் மேல் காகிதம். குழந்தைக்குக் கட்ட வராது, முனையைப் பிடித்துக்கொள்ளும். நூலை வெட்டும். காகிதம் ஒட்டுவது முழுக்க அவர்கள் வேலை.

எங்கள் ஸ்டாரின் ஒரு முனையில் மனை விற்பனை விளம்பரம் தெரிந்தது. இன்னொரு முனையைச் சின்னவன் மிதித்ததில் அது யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்துவிட்டது. கை துறுதுறுத்தது எனக்கு. மாமியார், "மாப்பிள்ளை, நீங்க போய் மோட்டார் என்னாச்சுன்னு பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கரண்ட் இல்லாமல் மோட்டாரில் என்ன பார்ப்பது? ஆனால் போனேன்.

மோட்டார் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு. சம்ப்பில் சாக்கடை கலந்து, சுத்தம் செய்து, லாரித் தண்ணீர் வாங்கிய செலவைப் பூட்டிய வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு ஒன்பது வீட்டுக்குப் பங்கு போட்டார்கள். பூட்டிய வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்து அதே சம்ப்புத் தண்ணீரில்தானே குளிப்பார்? இதைக் கேட்டால் நான் சண்டைக்காரன். அப்படிப் பங்கு போட்ட குடியிருப்புச் செயலாளர்தான், ஸ்டார் மாட்ட வெளி வராந்தாவில் ஓர் ஆணி அடித்ததற்கு, பொது இடத்தில் ஆணி கூடாது என்று குரூப்பில் போட்டார். அவர் வீட்டுச் செருப்பு அலமாரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சரி, விடுங்கள்.

குடில் கதைதான் எனக்குப் பிடித்தது. பாறைக்குப் பிரவுன் ஷீட்டைக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்கி, நீலமும் கறுப்பும் கரைத்த தண்ணீரைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தெளிக்க வேண்டும். இதைவிடக் குழந்தைகள் விரும்பிச் செய்யும் வேலை உலகத்தில் இல்லை. தரையில் பேப்பர் போடுங்கள், சுவரையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள். தேய்ந்துபோன ஷட்டில்காக்கைக் கவிழ்த்தால் சம்மனசு, அதாவது தேவதூதர். தக்கை தலை, இறகு அங்கி. கண் மட்டும் வரைந்தால் போதும். சின்னவன் வரைந்த சம்மனசுக்கு மூன்று கண்.

புல்லுக்கு நான் பிளாஸ்டிக் பாய் வாங்கலாம் என்றபோது மாமியார் சிரித்தார். கொலுவில் பார்க் வைப்பதற்கு அவர் வருஷா வருஷம் செய்வதுதான் இது. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண் போட்டு, நெருக்கமாகத் தூவி, தினம் கையால் தண்ணீர் தெளித்தால் ஏழெட்டு நாளில் பச்சைப் பசேல். வெந்தயம் இன்னும் சீக்கிரம். எங்கள் வீட்டிலும் அம்மா குடிலுக்கு இதையேதான் செய்தார். நவராத்திரிக்கு அவர்களும் டிசம்பருக்கு நாங்களும் ஒரே கேழ்வரகைத்தான் ஊறப்போட்டிருக்கிறோம் என்பது கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சூசையப்பர், மாதா, குழந்தை சுரூபங்கள் என் அம்மா கொடுத்தது இருந்தது. இடையர்கள் இரண்டு பேர் உடைந்துபோயிருந்தார்கள். பெரியவள் பரணிலிருந்து பாட்டியின் கொலுப் பெட்டியை இறக்கச் சொல்லி, செட்டியார் பொம்மையையும் அவர் மனைவியையும், அரிசி பருப்புக் கடையோடு, தொழுவத்தின் வாசலில் உட்கார வைத்துவிட்டாள். எனக்கே கொஞ்சம் திக்கென்றது. "குழந்தை பிறந்த வீட்டுக்கு மளிகை வேண்டாமாப்பா?" என்றாள். என்ன பதில் சொல்வது? மூன்று ராஜாக்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும்தான் கொண்டுவருகிறார்கள். அதில் எதை வைத்துக் கஞ்சி காய்ச்சுவது?

இரண்டு பக்கத்திலிருந்தும் இதற்குத் திட்ட வருவீர்கள் என்று தெரியும். அசிசியார், அதாவது புனித பிரான்சிஸ், 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் முதல் குடில் வைத்தபோது பொம்மையே வைக்கவில்லை, உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஊரில் கிடைத்ததை வைத்தார். எங்கள் பரணில் செட்டியார் கிடைத்தார். 2023இல் அதற்குச் சரியாக 800 வருஷம். இதைப் பங்குச் சாமியாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, கடையில் கடலை மிட்டாய் உண்டா என்று கேட்டார்.

செய்யக்கூடாத சிலதும் சொல்கிறேன். உப்பும் மைதாவும் பிசைந்து காயவைக்கும் பொம்மைகள் டிசம்பர் சென்னை ஈரத்தில் காயவே காயாது. காய்ந்தாலும் உப்பு ஈரத்தை இழுத்து வியர்க்க ஆரம்பிக்கும். ஜிகினாத் தூள் வாங்காதீர்கள், பொங்கல் வரைக்கும் சோற்றில் மின்னும். காகித ஸ்டாருக்குள் மெழுகுவர்த்தியோ பழைய குண்டு பல்போ வேண்டாம், சின்ன எல்ஈடி போதும், அதுவும் காகிதத்தைத் தொடாமல் தொங்க வேண்டும். நாங்கள் முதல் இரண்டு நாள் வெறும் ஸ்டாரைத்தான் தொங்கவிட்டோம். பைன் காய்க்குப் பதில் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் சவுக்குக் காய் பொறுக்குங்கள். குட்டிப் பைன் காய் மாதிரியே இருக்கும், நூலில் கோத்தால் மாலை. எங்கள் சின்ன வயதில் மரமே சவுக்குக் கிளைதான், அதன் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்போம். சென்னையில் பனி. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் மணி, ஸ்டார், தொங்கட்டான் எல்லாம் வரும். தங்க எழுத்து ஏற்கெனவே இருக்கிறது, செலவில்லை. வெட்டும் முன் கல்யாணம் முடிந்துவிட்டதா என்று தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

நான்கு வயதுக்குக் கீழே என்றால் கசக்குவது, தெளிப்பது, தண்ணீர் ஊற்றுவது மட்டும் கொடுங்கள். கத்தரிக்கோல் ஆறுக்கு மேல். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள், அரை மணி நேரத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் உட்காராது. போட்டிக்குத்தான் செய்கிறீர்கள் என்றால் என்னிடம் யோசனை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு 25 கூம்பு மடிக்க வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

கேழ்வரகை 14ஆம் தேதி ராத்திரி ஊறப்போட்டு 15ஆம் தேதி தூவினால் 24ஆம் தேதி நடுச்சாமப் பூசைக்குச் சரியான உயரத்தில் நிற்கும். அதற்கு முன்னால் போட்டால் நீண்டு சாய்ந்துவிடும். மாடிவீடு என்றால் காக்காய் கொத்தாமல் இருக்க மேலே ஒரு வடிகட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.