பிரேக் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை

வாகனம் மோதும்போது உடம்புக்கும் சரக்குக்கும் என்ன ஆகிறது என்று மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

திருமங்கலம்: நாலுவழிச்சாலையில பைக் மோதினா ஆளைத் தூக்கி வீசிருச்சுங்கிறாங்களே, தூக்குறது எது சார்?

பெரும்பாலும் எதுவும் தூக்குவதில்லை. வண்டி நின்றுவிட்டது, ஆள் நிற்கவில்லை, அவ்வளவுதான். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். முன்சக்கரம் தடுப்புச் சுவரில் முட்டி நின்ற பிறகும் உடம்பு அதே வேகத்தில் முன்னே போகிறது. இதுதான் நிலைமம். ஈர்ப்பு விசை அந்த வேகத்தைக் குறைக்காது, கீழே மட்டும்தான் இழுக்கும். சீட் உயரம் தோராயமாக 1 மீட்டர் என்று வையுங்கள். அங்கிருந்து தரைக்கு வர 0.45 நொடி ஆகும், அதற்குள் ஆள் 7.5 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். விழுந்தபின் தேய்ந்துகொண்டு போவது தனிக் கணக்கு: உராய்வு எண் (உராய்வு விசை எடையில் எத்தனை பங்கு என்பது) 0.6 என்றால் இன்னொரு 23, 24 மீட்டர். விபத்தை ஆராய்கிறவர்கள் இந்தத் தூரத்தை அளந்துதான் வேகத்தைப் பின்னோக்கிக் கணிக்கிறார்கள். ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் முன்சக்கர அச்சைவிட உயரத்தில் இருப்பதால் பின்பக்கம் எழும்பும். பார்க்கிறவர்களுக்குத் தூக்கி எறிந்ததுபோலத் தெரிவது அதனால்தான்.

கே.கே. நகர்: தெருவுக்குள்ள 20-ல தானே போறோம், ஹெல்மெட் எதுக்கு?

வண்டி நின்றுகொண்டிருந்தாலும் உங்கள் தலை 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சும்மா சாய்ந்து விழுந்தாலே தலை தரையைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அது முழுக்க ஈர்ப்பு கொடுத்தது, ஆக்சிலேட்டருக்கு அதில் பங்கில்லை. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தடிமன். அது நசுங்கும் தூரத்தில்தான் தலை நிற்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது, மேல் ஓட்டில் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். தாடைப் பட்டி மாட்டாத ஹெல்மெட் தலையை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும். நிலைமம் அதற்கும் உண்டு.

அண்ணா நகர்: காருல பின்சீட்டுல குழந்தையை மடியில இறுக்கிப் பிடிச்சா பத்தாதா?

பத்தாது. 50 கிலோமீட்டரில் போகும் கார் சுவரில் மோதி, முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். வேகம் குறையும் வீதம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல (விழும் பொருளுக்கு வேகம் கூடும் வீதம்) 20 மடங்கு. 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோ எடையைத் தாங்கும் விசை வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டை ஒரே நேரத்தில் எந்தக் கை தாங்கும்? பிடித்திருக்கும் தாய்க்கும் பெல்ட் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். பெல்ட் போட்டவருக்குக் கார் நசுங்கும் அரை மீட்டரும் கிடைக்கிறது. போடாதவர் கார் நின்றபின் அதே 50-இல் போய் முட்டி, 5 சென்டிமீட்டரில் நிற்கிறார். தூரம் பத்தில் ஒன்று, விசை பத்து மடங்கு. குழந்தைக்குத் தனி இருக்கை, அதற்கும் பெல்ட்.

தல்லாகுளம்: வேகத்தை உயரமாச் சொல்ல முடியுமா?

முடியும். 40 கிலோமீட்டர் 6 மீட்டர், 60 கிலோமீட்டர் 14 மீட்டர், 80 கிலோமீட்டர் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நாலு மடங்கு. மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 50 மீட்டர். அதற்குச் சமமான வேகம் 113.

மேலூர்: 15 டன் கிரானைட் கல்லு, வெயிட்டே அதைப் பிடிச்சுக்கும். எதுக்குண்ணே சங்கிலி?

இந்த நம்பிக்கைதான் கேபினை நசுக்குகிறது. எடை கூடினால் உராய்வு கூடுவது உண்மை, ஆனால் நிலைமமும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரி. உராய்வு எண் 0.4 என்றால் கல்லைப் பிடிப்பது 6 டன் விசை. திடீர் பிரேக்கில் வேகம் குறையும் வீதம் ஈர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு என்றால் கல்லை நிறுத்தி வைக்க 9 டன் வேண்டும். பாக்கி 3 டன்னுக்கு ஆளில்லை. கல்லுக்கும் கேபினுக்கும் நடுவே 1 மீட்டர் இடைவெளி இருந்தால் அது 7 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முட்டும். வேகம் கொஞ்சம்தான், ஆனால் வருவது 15 டன். ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதி முன்பக்கத்துக்கு எடையில் 0.8 பங்கையும் பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் 0.5 பங்கையும் தாங்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் முன்பக்கம் 12 டன். உராய்வு போக 6 டன்னைச் சங்கிலியும் தடுப்புக் கட்டையும் சுமக்க வேண்டும். கல்லடியில் கல்தூளும் தண்ணீரும் இருந்தால் 0.4 கூடக் கிடைக்காது. கூட்டித் துடைத்து ரப்பர் விரிப்புப் போட்டு ஏற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்திச் சங்கிலியை மறுபடி இறுக்குங்கள், கல் உட்கார்ந்தால் தளரும்.

மாட்டுத்தாவணி: பஸ்ஸும் பைக்கும் நேருக்கு நேர் மோதினா பஸ்ஸுக்கு அடி கம்மியா?

விசை இரண்டுக்கும் ஒன்றுதான். 15 டன் பஸ்ஸும் ஆளோடு 200 கிலோ பைக்கும் ஆளுக்கு 50-இல் மோதி ஒட்டிக்கொண்டால், பஸ்ஸின் வேகம் 48.7 ஆகும். பைக் பஸ்ஸோடு பின்னோக்கிப் போவதால் அதற்கு மாற்றம் கிட்டத்தட்ட 99.

தேனி: போடி மெட்டு இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்தானே?

10 டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் ஈர்ப்பு கொடுக்கும் ஆற்றல் 49 மெகா ஜூல். 19 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்கும் சூடு அது. கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் ஏறக்குறைய எல்லாம் பிரேக் டிரம்முக்கே போகும். ஏறும்போது போட்ட கியர் அல்லது அதற்கும் கீழ் கியரில் இறங்குங்கள். கருகல் வாடை வந்தாலோ வழக்கத்தைவிட அழுத்தி மிதித்தும் வண்டி பிடிக்காவிட்டாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தானாக ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.