குழுவை அடிக்கடி மாற்றலாமா?

கொழும்பில் நாற்பது பேர் உள்ள கந்தோரில் ஒவ்வொரு புது வேலைக்கும் ஆட்களை மாற்றிப் போடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குழுவைக் கலைக்காமல் வேலையை அவர்களிடம் கொண்டுபோங்கள். ஒன்றாகவே இருந்தால்தான் தாங்களே பேசி முடிவெடுக்கும் நம்பிக்கை அவர்களுக்குள் வரும்.

நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்ற வீட்டுத் தாதியர் சேவையில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 12 பேர். மேலாளர் கிடையாது. யார் எந்த நோயாளியிடம் போவது, புதிதாக யாரைச் சேர்ப்பது எல்லாம் அவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள். தடுமாறினால் உதவ ஒரு பயிற்றுநர் உண்டு, ஆனால் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஆறு பேர் குழுவில், தீபாவளிக்கு யார் வேலைக்கு நிற்பது, வெசாக்குக்கு யார் என்று சுவர்க் கலண்டரில் நாங்களே பென்சிலால் குறித்துக்கொள்வோம். அந்த நம்பிக்கை வர ஆறு மாதம் பிடித்தது. கலைத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

நீங்களும் முதலில் லீவுப் பட்டியலை உங்கள் குழுவிடம் விடுங்கள். ஆட்சேர்ப்பெல்லாம் அப்புறம்.