ஆண்கள் குழுவில் என்ன பேசுவார்கள்?

கேள்வி: என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். அங்கே சக வீரர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளானதைப் பல வருடம் கழித்து இப்போதுதான் சொன்னார். அன்று புகார் கொடுக்கவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் (வி.ஏ.) குழு சிகிச்சை உண்டாமே? ‘பத்துப் பேர் முன்னால் அதைச் சொல்லச் சொல்வார்கள்’ என்று போக மறுக்கிறார்.
- பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: பெரும்பாலான குழுக்களில் சொல்லச் சொல்ல மாட்டார்கள், சகோதரி. பலவற்றில் சம்பவத்தை விவரிக்கக் கூடாது என்பதே விதி. ஒருவர் விவரித்தால் கேட்பவருக்குத் தன் சம்பவம் கண்முன் வந்துவிடும். அடுத்த வாரம் இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்கும். விவரமெல்லாம் தனிச் சிகிச்சைக்கு. குழுவில் பேசுவது தூக்கம், குடி, சட்டென்று வரும் கோபம், மனைவி தொட்டால் உடம்பு விறைப்பது போன்றவற்றை.

வழக்கமாக ஆறு முதல் எட்டுப் பேர், இரண்டு சிகிச்சையாளர்கள், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம். தொடங்கிய பிறகு பெரும்பாலும் புதியவரைச் சேர்ப்பதில்லை. சேர்க்குமுன் தனியே பேசுவார்கள். தற்கொலை எண்ணமோ கட்டுமீறிய குடியோ இருந்தால் முதலில் அதைத்தான் கவனிப்பார்கள். முதல் சில வாரம் பதற்றத்தை அடக்கும் பயிற்சி: பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுவது போல.

பிறகுதான் கனமான பகுதி. “என் உடம்பு கிளர்ச்சியடைந்ததே, அப்படியென்றால் நானும் விரும்பினேனா?” பல ஆண்கள் வாய்விட்டுக் கேட்காமலே சுமக்கும் கேள்வி இது. தொடுதலுக்கும் பயத்துக்கும் உடம்பு தானாகக் காட்டும் எதிர்வினை அது, சம்மதம் ஆகாது. இதை மருத்துவர் சொன்னால் தலையாட்டுவார்கள். அதே சீருடை போட்ட இன்னொருவர் “எனக்கும் அப்படித்தான்” என்றால்தான் மனசு நம்பும்.

அதனால் போர் அதிர்ச்சிக்கான பொதுக் குழுவில் சேர்த்துவிட வேண்டாம். குண்டு வெடித்த கதைகளுக்கு நடுவே ‘எனக்கு நடந்தது ஒரு பெரிய விஷயமா’ என்று வாயை மூடிக்கொள்வார். ஆண்களுக்கு மட்டுமான குழு என்று கேளுங்கள். சிகிச்சையாளர் ஆணா பெண்ணா என்பதிலும் விருப்பம் தெரிவிக்கலாம்.

புகார் மனுவோ ஆவணமோ வேண்டாம், சிகிச்சை இலவசம். 1992-ல் பெண்களுக்கு மட்டும் வந்த இந்த ஏற்பாடு 1994-ல் ஆண்களுக்கும் விரிந்தது. வி.ஏ. மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இதற்கென ஓர் எம்.எஸ்.டி. (படையில் நேர்ந்த பாலியல் அதிர்ச்சி) ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். இழப்பீட்டு மனு தனி விவகாரம். அது முடியட்டும் என்று சிகிச்சைக்குக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: முன்னாள் கடற்படை வீரனான என் தம்பி இரண்டு வாரம் குழுவுக்குப் போனான். இரவெல்லாம் கெட்ட கனவு. இனிப் போகமாட்டேன் என்கிறான்.
- வாசகர், கலிஃபோர்னியா

பதில்: அடக்கி வைத்தது கிளறப்படும்போது ஆரம்பத்தில் இப்படி ஆவதுண்டு. குழுவை விட்டு நிற்பதற்கு முன் சிகிச்சையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். சில வாரம் தனிச் சிகிச்சைக்கு மாற்றித் தரலாம். அமர்வு முடிந்த மாலையில் மது வேண்டாம். “என்ன பேசினீர்கள்?” என்று நீங்களும் துருவாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் உடனே 988 என்ற நெருக்கடி உதவி எண்ணை அழைத்து, படைவீரர்களுக்கான 1-ஐ அழுத்துங்கள், குடும்பத்தாரும் அழைக்கலாம்.