420 போய்விட்டதே, தம்பி வழக்கு என்னவாகும்?

கேள்வி: தஞ்சாவூரில் என் தம்பி நிலம் தருவதாக ஒருவரிடம் 3 லட்சம் முன்பணம் வாங்கிவிட்டுப் பத்திரம் போட்டுத் தரவில்லை. 2023இல் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் மோசடிக்கான 420ஆவது பிரிவில் ஓராண்டு தண்டனை கொடுத்தது. செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் நிலுவையில் இருக்கிறது; இப்போது ஜாமீனில் இருக்கிறான். “அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், கேஸ் நிற்காது. 50,000 அனுப்பினால் முடித்துத் தருகிறேன்” என்கிறார் ஊரில் ஒருவர். அனுப்பலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் சகோதரி, ஒரு காசு அனுப்பாதீர்கள். தூரத்தில் இருந்து தவிக்கும் குடும்பங்களிடம்தான் இப்படிப் பணம் பறிக்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதன் கடைசிப் பிரிவான 358, பழைய சட்டத்தின்கீழ் நடந்த குற்றமும் அதற்கான தண்டனையும் அப்படியே நிற்கும் என்கிறது. அன்று நிலுவையில் இருந்த அப்பீல்கள், வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே முடியும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 531ஆவது பிரிவு சொல்கிறது. சிங்கப்பூரிலும் பொது விதி இதுதான். நாடாளுமன்றம் பழைய வழக்குக்கும் சலுகை தர நினைத்தால் அதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கும். 2013இல் போதைப்பொருள் சட்டம் மாறியபோது, ஏற்கெனவே மரண தண்டனை பெற்றிருந்தவர்களில் சிலர் மறுபடி கோர்ட்டுக்குப் போக முடிந்தது அப்படித்தான்.

சரி, புதுச் சட்டம் இரக்கம் காட்டினால்? ரத்தன் லால் வழக்கில், 16 வயதுப் பையனுக்குத் தண்டனை விதித்த பிறகுதான், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் நன்னடத்தைச் சட்டம் அந்த ஊருக்கு வந்தது. அப்பீலிலும் அதன் பலனைத் தரலாம் என்றது 1964இல் இந்திய உச்ச நீதிமன்றம். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது. ஆனால் உங்கள் தம்பிக்கு அந்த வழியில் பலன் இல்லை. 420இல் அதிகபட்சம் ஏழாண்டு. புதுச் சட்டத்தில் அதன் இடத்தில் உள்ள 318(4)இலும் அதே ஏழாண்டுதான்.

நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. 420 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். பழைய நடைமுறைச் சட்டத்தின் 320ஆவது பிரிவுப்படி, ஏமாந்தவர் சம்மதித்து, அப்பீல் கோர்ட்டும் அனுமதித்தால் சமரசம் பதிவாகும். அது விடுதலைக்குச் சமம். அந்த 50,000 போக வேண்டியது நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த மனிதரிடம். மூன்று லட்சமும் அவருக்கு உரியது. மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். ஆனால் வக்கீல் மூலமாக, வங்கி வழியாக, ரசீதோடு கொடுங்கள். கையில் ரொக்கம் கொடுத்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. பணம் சேர்ந்ததும் இருவரும் கையெழுத்திட்ட மனுவை வக்கீல் அப்பீல் கோர்ட்டில் போடட்டும். அதுவரை தம்பி ஒரு வாய்தாவையும் தவறவிடக்கூடாது. தவறினால் பிடிவாரண்ட் வரும், ஜாமீனும் ரத்தாகலாம்.