ஒரே தாமிரச் சேர்மம் வினைவேக மாற்றியாகவும் பாக்டீரியாவைக் கொல்வதாகவும் இருப்பது எப்படி?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குத் தாமிர அணைவுச் சேர்மங்கள் தந்திருக்கிறார்கள், இரண்டு வேலையும் ஒரே சேர்மம் செய்வது புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இது வகுப்பில் புரிந்ததைவிட பாம்பனில் இறால் பிரிக்கும் இடத்தில்தான் நன்றாகப் புரிந்தது. அம்மா அங்கே வேலை பார்த்தார். ஐஸ் குறைந்தால் இறாலின் தலை கறுக்கத் தொடங்கும். "தலை கறுத்துருச்சு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் விலை இறங்கிவிடும். அந்தக் கறுப்பு பாக்டீரியாவால் வருவது அல்ல. இறாலின் உடம்பிலேயே உள்ள ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து ஃபீனால்களைக் குயினோன்களாக்குகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெலனின் ஆகின்றன. அந்த நொதியின் மையத்தில் இருப்பவை இரண்டு தாமிர அணுக்கள். நண்டு, கணவாய் ரத்தத்தை நீலமாக்கும் ஹீமோசயனினிலும் இதே ஜோடிதான். அங்கே ஆக்சிஜனைச் சுமக்கிறது, இங்கே அதை வைத்து வினை நடத்துகிறது.

ஆய்வகத்தில் செய்வது, பெரிய புரதத்தை விட்டுவிட்டு அந்த மையத்தை மட்டும் சிறிய ஈனிகளால், அதாவது தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளால், கட்டுவது. ஜப்பானில் கிதாஜிமா குழு 1989ல் இரண்டு தாமிரங்களுக்கு நடுவே ஆக்சிஜன் பக்கவாட்டில் அமர்ந்த சேர்மம் ஒன்றைச் செய்தது. நீல ரத்தத்திலும் அப்படித்தான் அமர்கிறது என்பது பிறகுதான் புரதப் படிகத்தில் உறுதியானது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

உங்களுக்குத் தந்திருப்பது பெரும்பாலும் ஷிஃப் காரச் சேர்மமாக (அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்து உண்டாகும் ஈனியோடு தாமிரம்) இருக்கும். வினையூக்கச் சோதனைக்கு டைடெர்ட்பியூட்டைல் கேட்டகால் என்ற ஃபீனால் வகைச் சேர்மத்தை மெத்தனாலில் கலந்து, 400 நானோமீட்டர் பக்கம் குயினோனின் மஞ்சள் ஏறுவதைப் பார்ப்பார்கள். இறால் தலையில் நடப்பதன் முதல் படிதான் அது.

சரி, கொல்லும் வேலை எங்கிருந்து வருகிறது? அதே குணத்திலிருந்துதான். தாமிரம் +1, +2 என்ற இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கு இடையே எளிதாகப் போய்வரும். குடுவைக்குள் அது கேட்டகாலை ஆக்சிஜனேற்றும். செல்லுக்குள் போனால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து தீவிர ஆக்சிஜன் இனங்களை உண்டாக்கி, டிஎன்ஏ, சவ்வு, புரதம் எல்லாவற்றையும் தாக்கும். பீனான்த்ரோலின் என்ற ஈனி கொண்ட தாமிரச் சேர்மம் டிஎன்ஏவை வெட்டுவதை 1979ல் சிக்மன் குழு காட்டியது. மூலக்கூறுகளைச் சட்டென இணைக்கும் கிளிக் வேதியியலுக்கும் தாமிரம்தான் வினைவேக மாற்றி. ஆனால் உயிருள்ள செல்லுக்கு அது நஞ்சு என்பதால் அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசி தாமிரமே இல்லாத வழியைத் தேடினார். 2022 நோபல் பரிசில் இரண்டு வழிகளுக்கும் இடம் கிடைத்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். என் முதல் சேர்மம் பாக்டீரியாத் தட்டில் நல்ல வட்டம் (பாக்டீரியா வளராத பகுதி) காட்டியபோது இரண்டு நாள் தூக்கமில்லாமல் மகிழ்ந்தேன். அப்புறம் வெறும் காப்பர் அசிட்டேட்டை அதே செறிவில் வைத்தேன். கிட்டத்தட்ட அதே வட்டம். சேர்மம் கரைசலில் பிரிந்து, தாமிர அயனிதான் வேலை செய்திருக்கிறது என்ற சந்தேகத்தை என்னால் விலக்க முடியவில்லை. வளர்ப்பூடகத்தில் உள்ள அமினோ அமிலங்களே தாமிரத்தை ஈனியிடமிருந்து பிடுங்கிவிடக்கூடும். அதனால் ஈனி தனியாக, உப்பு தனியாக, சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் தனியாக என மூன்றையும் ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள். வினையூக்கத்துக்கும் அப்படியே. சேர்மம் இல்லாமலும், வெறும் உப்போடும் ஓட்டிப் பாருங்கள்.

வட்டத்தின் அளவைவிட, வளர்ப்பூடகத்தில் 24 மணி நேரம் கழித்தும் உங்கள் சேர்மத்தின் நிறமாலை (அது ஒளியை உறிஞ்சும் விதம்) மாறாமல் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. உயிரியல் சோதனைக்குப் பணம் கட்டும் முன் அதை எடுத்துவிடுங்கள்.