கார்த்தஹேனாவுக்கு மூணு நாள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் டாலஸ்ல இருக்கேன். ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க, வயசு 66. ஜனவரி லாங் வீக்கெண்டுக்கு கொலம்பியால இருக்கற கார்த்தஹேனா போறோம், விசா, ஃப்ளைட் எல்லாம் ஆச்சு, மூணு ராத்திரி தங்கறோம். முதல் நாள் கோட்டை, மதில். ரெண்டாவது நாள் ரொசாரியோ தீவுக்கு படகு. மூணாவது நாள் தொத்துமோ சேறு எரிமலைல குளியல். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது, மூட்டு வலி வேற. நீங்க போயிட்டு வந்ததா எழுதியிருந்தீங்களே, இந்த பிளான் சரிப்படுமா?

*

தம்பி,

ரெண்டாவது நாளையும் மூணாவது நாளையும் அடிச்சிடு. ஜனவரில அங்க மழை இல்ல, ஆனா காத்து பலமா அடிக்கும், தீவுக்குப் போற ஸ்பீட்போட் அலை மேல தூக்கித் தூக்கிப் போடும், திரும்பி வரும்போது இன்னும் மோசம், மூட்டு வலி இருக்கறவங்கள அதுல உக்காரவைக்கவே கூடாது. சேறு எரிமலைக்கு வழுக்கற படில ஏறி இறங்கணும். நீ தனியா போனா போ, அம்மாவோட வேண்டாம்.

முதல் நாள் விடிஞ்சதும் ஆறரைக்கெல்லாம் கிளம்பிடுங்க. பத்தரைக்கு மேல அந்த வெயிலும் புழுக்கமும் தாங்காது, ரூமுக்கு வந்து தூங்கிட்டு நாலரைக்கு மறுபடி வெளிய வந்தா போதும். மதில் சுமார் 11 கிலோமீட்டர், முழுசா நடக்கணும்னு இல்ல, கால் மணி நேரம் நடங்க, ஆனா ஒரு இடத்துல நின்னு கல்லுல கை வச்சுப் பாருங்க. பவளக்கல்லு அது. கிட்டப் போய்ப் பார்த்தா சுழி சுழியா பவளத்தோட வரி அப்படியே தெரியும், நான் ரொம்ப நேரம் அதையே தடவிட்டு நின்னேன். 1533ல ஸ்பெயின்காரங்க உண்டாக்கின ஊரு, தென் அமெரிக்காவோட தங்கமும் வெள்ளியும் ஸ்பெயின் போற வழி, அதனால 1586ல இங்கிலாந்துக் கடல் கொள்ளைக்காரன் டிரேக் வந்து சூறையாடினான், அதுக்கப்புறம்தான் இவ்ளோ பெரிய மதில். அந்தக் கல்ல வெட்டினதும் சுமந்ததும் ஆப்பிரிக்காலேர்ந்து அடிமைகளா கொண்டுவந்த ஜனங்க.

இதத்தான் நான் உனக்கு முக்கியமா சொல்ல நினைக்கறேன். கலர் கலரா வீடு, பால்கனில பூன்னு ஃபோட்டோ எடுத்துட்டு எல்லாரும் திரும்பிடறாங்க. மணிக்கூண்டு வாசல் தாண்டி உள்ள போனதும் ஒரு சதுக்கம் வரும், பிளாசா தெ லோஸ் கோச்செஸ். அங்கதான் மனுஷங்கள வித்தாங்க. இன்னிக்கு அதே சதுக்கத்து ஓரமா வளைவு வளைவான தாழ்வாரத்துக்குக் கீழ கண்ணாடி ஜாடி ஜாடியா மிட்டாய் கடை, நம்ம தேங்கா பர்ஃபி மாதிரியே கொக்காதான்னு ஒண்ணு விப்பாங்க, வாங்கி வாயில போட்டேன், இது எந்த இடம்னு ஞாபகம் வந்ததும் விழுங்க முடியல. அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல சான் பெத்ரோ கிளாவெர் கோயில். கிளாவெர் 1610ல இங்க வந்த பாதிரியார், அடிமைக் கப்பல் வந்து நின்னதும் அடித்தளத்துக்கே இறங்கி தண்ணியும் பழமும் குடுத்தவர், 1622ல எடுத்த உறுதிமொழில ஆப்பிரிக்கர்களுக்கு என்னைக்கும் அடிமைன்னு எழுதி கையெழுத்து போட்டார். அவரோட எலும்பு அங்க பலிபீடத்துக்கு அடியில கண்ணாடிப் பெட்டில இருக்கு. அம்மாவ அங்க கொஞ்ச நேரம் உக்காரவைங்க, உள்ள குளுகுளுன்னு இருக்கும்.

சான் ஃபெலிப்பே கோட்டைக்கு அடுத்த நாள் காலைல திறந்த உடனே போயிடுங்க, நிழலே கிடையாது, சரிவுல ஏறணும், அம்மாவால முடியலன்னா கீழேர்ந்து பார்த்தாலே போதும். 1741ல இங்கிலாந்தோட பெரிய கப்பல் படை வந்து முட்டி மோதித் திரும்பிப் போன இடம், ஊரக் காத்த ஸ்பெயின் தளபதி பிளாஸ் தெ லேசோவுக்கு ஒரு கால் இல்ல, ஒரு கண் இல்ல, ஒரு கையும் விளங்காது. சாயந்தரம் ஹெத்செமனிங்கற பேட்டைப் பக்கம், திரினிதாத் கோயில் சதுக்கத்துல சும்மா உக்காருங்க. 1811 நவம்பர் 11ல சுதந்திரம் கேட்டுக் கிளம்பின ஜனங்க அந்தத் தெருக்காரங்கதான்.

மூணாவது நாள் பாலெங்கே. கண்டிப்பா. ஊர்லேர்ந்து சுமார் 50 கிலோமீட்டர், கார்லயே போயிடலாம். தப்பிச்சு ஓடின அடிமைகள் காட்டுக்குள்ள உண்டாக்கின ஊர், அவங்கள நடத்தின பெங்கோஸ் பியோஹோவ 1621ல கொன்னுட்டாங்க, ஊர அழிக்க முடியல. சங்கிலிய அறுத்துட்டு நிக்கற அவரோட சிலை அங்க சதுக்கத்துல இருக்கு. அவங்க பாஷை வேற, சொல்லு பாதிக்கு மேல ஸ்பானிஷ், ஆனா குழந்தைக்கு மொனா, மாட்டுக்கு ங்கோம்பே, ரெண்டும் காங்கோ பக்கத்துச் சொல்லு. இத்தன நூறு வருஷம் காப்பாத்தி வச்சிருக்காங்களேன்னு எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. உள்ளூர் ஆளையே கைடா வச்சுக்கோ, காசு அந்த ஊருக்கே போகட்டும். கார்த்தஹேனா தெருவுல கலர் பாவாடையும் தலைல பழத்தட்டுமா நிக்கற அம்மாக்கள் இந்த ஊர் வழிதான், கேக்காம படம் எடுக்காத, பழம் வாங்கு, படத்துக்குன்னு காசு கேட்டா குடு. அலெக்ரியான்னு ஒரு உருண்டையும் விப்பாங்க, பொரிச்ச தானியம், தேங்கா, வெல்லம், சோம்பு, அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

சாப்பாடு. கார்னே, அதாவது கறி, வேண்டாம்னு மட்டும் சொன்னா மாட்டுக்கறி இல்லன்னு நினைச்சு கோழியக் கொண்டு வந்து வச்சிடுவாங்க. சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோன்னு, அதாவது கறி, கோழி, மீன், முட்டை இல்லாமன்னு, நாலையும் ஃபோன்ல எழுதிக் காட்டு. தேங்காப்பால எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்டக் காய்ச்சி, நெய்க் கசண்டு மாதிரி பழுப்பா அடியில நிக்கும்போது அதுலயே அரிசியப் போட்டு வேகவைப்பாங்க, அந்தத் தேங்கா சாதம் எல்லா கடைலயும் இருக்கும். அந்தக் கரைல நிக்கற தென்னையே இந்தியப் பெருங்கடல் பக்கத்துலேர்ந்து போர்ச்சுகீசியர் கொண்டுபோன வழி வந்ததுதான். கூட பதக்கோன், பச்ச வாழக்காய பொரிச்சுத் தட்டி திரும்பப் பொரிச்சது, ஆனா மீன் பொரிச்ச எண்ணெயான்னு கேட்டுக்கோ. அரேப்பா தெ உவேவோ வேண்டாம், உள்ள முட்டை இருக்கும்.

டாக்சில மீட்டர் கிடையாது, ஏறறதுக்கு முன்னாடியே பேசிடு. படகுக்கு இன்னும் பணம் கட்டலன்னா கட்டாத, கட்டியிருந்தா இன்னிக்கே கேன்சல் பண்ணிடு.